சிவப்புக் கோடு இல்லாத கடிதம்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
4-8-2025, திங்கட்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மூத்த அண்ணன் தஸ்லிம் பாஷா அவர்கள் சமுகத்துக்கு, தம்பி கௌஸ் பாஷா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் வீட்டிலும் பிள்ளைகளும் சுகம். அங்கு தாங்களும் அண்ணியும் மகன் ஜீஷானும் அவன் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டி ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். தங்கள் முழங்கால் வலி, அண்ணியின் சர்க்கரை, கல்லாவி சந்தைத் தெருவில் தங்கள் சாக்குக் கடை, கடை வாசலில் நிற்கும் புங்க மரம் ஆகிய எல்லாவற்றின் நலத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன். அங்கு மழை உண்டா? இங்கு பத்து நாளாகச் சாரல். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிர் வீடே தெரிவதில்லை. பேக்டரிச் சங்கு மட்டும் வெள்ளைப் புகைக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் முப்பத்து நாலு வருஷப் பழக்கத்தில் கால் செருப்பைத் தேடுகிறது. ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆச்சு என்று காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து இந்தக் கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்பீர்கள். என் சின்ன மகள் அதியாவுக்காகத்தான் எழுதுகிறேன். அவள் ஜெர்மனியில் ஆசிய, இஸ்லாமியப் படிப்புத் துறையில் ஆராய்ச்சி செய்வது தங்களுக்கு ஜீஷான் மூலம் தெரிந்திருக்கும். போன வருஷம் இங்கே வந்து, கிருஷ்ணகிரி, சூளகிரி, வாணியம்பாடிப் பக்கம் வீடு வீடாகப் போய், பினாங்குக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போன நம்ம ஆட்கள் வீட்டுக்கு எழுதிய பழைய கடிதங்களைப் படம் எடுத்து வந்தாள். எல்லாம் அரபு எழுத்தில் எழுதின தமிழ். நம்ம அம்மாவுக்கு அது மட்டும்தானே வாசிக்கத் தெரியும், அந்த எழுத்து. மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுக் கடிதம். அதையெல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றி, கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமும் எழுதிக்கொண்டு இப்போது மறுபடி இங்கே வந்திருக்கிறாள். அந்தப் புரோகிராம் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஸலாம், துஆ, மரியாதை என்றால் பச்சை, நலம் விசாரிப்பு என்றால் மஞ்சள், எதற்காக எழுதினாரோ அந்த விஷயம் என்றால் சிவப்பு என்று கோடு போட்டுக் காட்டும். ஒரு மனுஷன் கப்பலில் அனுப்பின நாலு பக்கம் கடைசியில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கலர் பட்டையாக ஆகிவிடும்.

இதை இந்தத் தெருவில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டு சுடலைமுத்து, திருநெல்வேலிக்காரர், பேக்டரிப் பிரஸ் ஷாப்பில் வேலை, நல்ல மனுஷன், "பாப்பா கம்ப்யூட்டர் படிச்சிருக்குல்லா, நம்ம பட்டா ஆன்லைன்ல ஏற மாட்டேங்கு, கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க"ன்னு வந்து நின்னார். அதியாவும் பார்த்துக் கொடுத்தாள். அடுத்த நாள் பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தது, தொழுகை நேரம் காட்டும் போர்டு ஒரு மாசமாக ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிறதாம், இஸ்லாமும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் படித்த பிள்ளை இந்த ஊரிலேயே ஒன்றுதானாம். அதையும் பார்த்துக் கொடுத்தாள். எதிர் வீட்டு சாந்தம்மா, தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டுகிற அம்மா, "லெட்டர்ல கலர் அடிக்கறதுக்கா அவ்ளோ தூரம் போனா"ன்னு பாதி கன்னடத்தில் பாதி தமிழில் கேட்டாங்க. என் மனசிலேயும் அப்போது அதேதான் இருந்தது.

அண்ணே, இனிமேல் எழுத்துத் தமிழ் எனக்கு வராது, கை வலிக்குது, பேசற மாதிரியே எழுதிடறேன், மன்னிக்கணும். விஷயம் என்னன்னா, புரோகிராமுக்கு முதல்ல மனுஷன் சொல்லிக் கொடுக்கணுமாம். இந்த வரி மரியாதை, இந்த வரி விசாரிப்பு, இந்த வரி விஷயம்னு ஆயிரக்கணக்கில எழுதிக் காட்டினா அப்புறம் அதுவே பிடிச்சுக்குமாம். "அத்தா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, உங்களுக்குக் கண்ணு கூர்மை, நீங்க பண்ணிக் குடுங்க"ன்னு ஒரு பெரிய பட்டியலைத் திறந்து வச்சுட்டா. எனக்கு அவ்ளோ சந்தோஷம். முப்பத்து நாலு வருஷம் கியர் இன்ஸ்பெக்டரா இருந்தவன், கண்ணுக்கு முன்னாடி ஒரு வரிசை வந்தாத்தான் எனக்கு உசிரே வரும். மூணு வாரம் உக்காந்தேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்தா வெளியே சாரல், உள்ளே லேப்டாப்பு பூனை மாதிரி உறுமிக்கிட்டு இருக்கும், வரி மேல வரியா வரும், இன்ஷா அல்லாஹ் சுகம், அல்ஹம்துலில்லாஹ் சுகம், தங்கள் சுகத்துக்கு மறுபதில் வேண்டும். யாரோ ஒரு ஆள் பினாங்குல கடைத் திண்டுல உக்காந்து எழுதுறது எனக்கு அப்படியே தெரியும், கடல் காத்து அடிக்கும், துணி மூட்டை வாசனை வரும். கண்ணைத் திறந்து பாத்தா எச்சில் ஒழுகி இருக்கும். எது நான் படிச்ச வரி, எது கனவுல வந்த வரின்னு தெரியாது.

இப்படிப் போயிட்டிருக்கறப்ப எனக்கு ஒண்ணு உறுத்திச்சு. ஒரே வரி எல்லாக் கடிதத்துலயும் வருது. "அங்கு தாங்கள் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்" முந்நூறு தடவை. வார்த்தைகூட மாறல. ஒரே பாகம் ஸ்டோர்ல ரெண்டு நம்பர்ல பதிவாகி இருந்தா என்ன பண்ணுவோம்? ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துடுவோம். அதைத்தான் நானும் பண்ணேன். ஒரே மாதிரி இருக்கற வரி எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணை விட்டுட்டு பாக்கியை அழிச்சுட்டேன். ரெண்டு நாள் வேலை. பட்டியல் எவ்ளோ சுத்தமா ஆச்சு தெரியுமா, துடைச்சு விட்ட மாதிரி. அதியாகிட்ட சொல்லல, அவளே பாத்து சந்தோஷப்படட்டும்னு இருந்தேன்.

அவ அதைப் பாக்காம புரோகிராமை ஓட்டி, வந்த படத்தை ஜெர்மனிப் பேராசிரியை அம்மாவுக்கு அனுப்பிட்டா. அந்தம்மா ஆடிப்போயிட்டாங்க. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் ஸலாமே சொல்லிக்கறதில்ல, நலம் விசாரிக்கறதில்ல, முந்நூத்துப் பதினெட்டுக் கடிதத்துல ஒரே ஒரு ஆள்தான் விசாரிச்சிருக்கார், இது உலகத்துல யாரும் கண்டுபிடிக்காத விஷயம், உடனே கட்டுரை எழுதணும்னு மூணு பக்கம் பதில். பாவம், நல்ல அம்மா, நம்ம ஆளுங்க மேல எவ்ளோ அக்கறை. அதியா அந்தப் பதிலை ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் பட்டியலைத் திறந்தா. கத்தல. "அத்தா, இதுல இருந்த வரியெல்லாம் எங்க போச்சு"ன்னு மெதுவாத்தான் கேட்டா. "டூப்ளிகேட் எல்லாம் எடுத்துட்டேம்மா"ன்னேன். "அத்தா, ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு வேற வேற ஆளைக் கேட்டது"ன்னா. பழைய நகல் ஒண்ணு அவகிட்ட இருந்தது, நல்லவேளை. ஆனா நான் குறிச்சு வச்ச மூணு வார வேலையும் போச்சு, மறுபடி முதல்லருந்து. அவ நாள்ல என்னால மூணு வாரம் போனது. அதை நெனச்சா எனக்கு இப்பவும் சோறு இறங்கறதில்ல.

சோறுன்னதும் ஞாபகம் வருது. சாந்தம்மா இருபது வருஷமா எங்க வீட்ல யார் இருந்தாலும் தினம் மத்தியானம் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னு "ஊட்டா ஆய்த்தா"ன்னு கேப்பாங்க, சாப்பாடு ஆச்சான்னு. நான் அந்த டூப்ளிகேட் எடுக்கற மும்முரத்துல இருந்தப்ப, "ஏம்மா, தினம் அதையேதான் கேக்கறீங்க, நானும் தினம் ஆச்சுன்னுதான் சொல்றேன், இதுல என்ன புதுசா தெரிஞ்சுக்கப் போறீங்க"ன்னு சொல்லிப்புட்டேன். அவங்க சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் கேக்கல. அதுக்கு மறுநாளும் கேக்கல. வீட்ல சோத்தைப் போட்டு வச்சுட்டுக் கூப்பிடறாங்க, நான் காம்பவுண்டுப் பக்கமே நின்னுக்கிட்டு இருக்கேன், என்னமோ பண்ணாம விட்ட மாதிரி இருக்கு. மூணாம் நாள் நானே போய், "சாந்தம்மா, ஊட்டா ஆய்த்தா"ன்னு கேட்டேன். "ஆய்த்து அண்ணா, நிம்து?"ன்னாங்க, ஆச்சு, உங்களுதுன்னு. அன்னைக்குத்தான் ரெண்டு வாய் ஒழுங்கா சாப்பிட்டேன்.

சரி, உங்க வீட்டுத் தகரப்பெட்டி விஷயத்துக்கு வரேன். ஒரு கேஜ் வாங்கினா, அது சரியா அளக்குதான்னு பாக்க ஒரு மாஸ்டர் பீஸ் வேணும், அளவு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு துண்டு. அதியா புரோகிராமுக்கும் அப்படித்தானாம். அது எது சிவப்புன்னு சொல்லும், ஆனா அது நெஜமாவே விஷயந்தானான்னு சொல்ல அந்தக் காலத்து ஆள் யாரும் இல்ல. எழுதினவரும் போயிட்டார், வாங்கினவரும் போயிட்டாங்க. அப்பத்தான் அவளுக்கு நம்ம அத்தா பினாங்குல துணிக்கடையில இருந்தப்ப அம்மாவுக்கு எழுதின கடிதங்கள் உங்க வீட்டுத் தகரப்பெட்டியில இருக்குன்னு ஜீஷான் சொல்லியிருக்கான். இவ கேட்டதுக்கு அவன் உங்ககிட்ட கேட்டிருக்கான், நீங்க, "வேணுங்கறவன் கேக்கட்டும்"னு சொன்னீங்களாம். பதினெட்டாம் தேதி அவளுக்கு பிளைட். அதுக்குள்ள இந்தப் பரிசோதனை முடியலன்னா அவ ஆராய்ச்சியில அந்த அத்தியாயமே நிக்காது, ஒரு வருஷ உழைப்பு காத்தோட போயிடும்னு சொல்றா. வேணுங்கறவன் நான். அதனால கேக்கறேன்.

அத்தா கடிதம் ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கு, என் மைக்ரோமீட்டர் டப்பாவுல மடிச்சு வச்சிருந்தேன், உங்களுக்குத் தெரியாது. அறுபத்தெட்டுல எழுதினது. அதைப் புரோகிராம்ல போட்டுப் பாத்தோம். பச்சை, மஞ்சள், பச்சை, பச்சை. வஸ்ஸலாம் போட்டு கையெழுத்துப் போட்டாச்சு. அதுக்குக் கீழே ஒரு வரி, "பெரியவனுக்குக் கோபம் அதிகம், சின்னவனுக்குப் பிடிவாதம் அதிகம், ரெண்டு பேரையும் ஒரே பாயில் படுக்க வை." அது மட்டும் சிவப்பு. எழுபத்தொரு சதவீதம் விஷயமாம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. இது சும்மா பேச்சும்மா, இதுல என்ன விஷயம் இருக்குன்னேன். எழுபத்தொரு சதவீதம் சரியா இருக்குன்னு ஒரு கியரை நான் பாஸ் பண்ணியிருந்தா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அதியா சொல்றா, எல்லாக் கடிதத்துலயும் இப்படித்தானாம், முக்காவாசிப் பேர் எழுதவேண்டியதை கையெழுத்துக்கு அப்புறம்தான் எழுதறாங்களாம், அதான் அவ அத்தியாயமே. நாலு பக்கம் எழுதி முடிச்சு கையெழுத்தும் போட்டுட்டு அப்புறமா விஷயத்துக்கு வர்றவன் எவனாவது இருப்பானா? நான் ஒத்துக்கல. அறுபத்தெட்டுல எனக்கு நாலு வயசு, உங்களுக்குப் பதினொண்ணு. அந்த மாசம் நாம ரெண்டு பேரும் எதுக்காக சண்டை போட்டோம், நமக்கு யார் பாய் போட்டது, அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணும் நடந்தது, சொல்லிடறேன். ஏதோ ஒயர் தேடறேன்னு என் மேசை டிராயரைத் திறந்தவ, அதுல பதினோரு கடிதத்தைப் பாத்துட்டா. எல்லாம் உங்களுக்கு நான் எழுதினது. அனுப்பல. ஒன்பது வருஷத்துல பதினொண்ணு. என்னைக் கேட்டுட்டுத்தான் அதையும் போட்டுப் பாத்தா. பதினொண்ணும் பச்சையும் மஞ்சளுமா திரையில வரிசையா நின்னுச்சு, நம்ம ஊர்ல மழை விட்டதும் கொல்லிமேட்டுல புல்லும் ஆவாரையுமா இருக்குமே, அப்படி அழகா. ஒரு சிவப்புக் கோடு இல்ல. "அத்தா, எதுக்காக எழுதினீங்கன்னே இதுக்குத் தெரியல"ன்னா. "அதுக்குத் தெரியாட்டி என்ன, அண்ணனுக்குத் தெரியும்"னேன். "அனுப்பவே இல்லையே அத்தா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அன்னைக்கு மத்தியானம் ஒரு கனவு. பழைய இன்ஸ்பெக்சன் மேசை, மேலே டியூப்லைட், கன்வேயர்ல கியருக்குப் பதிலா கடிதமா வருது. நான் ஒவ்வொண்ணா எடுத்து கேஜ் வச்சுப் பாக்கறேன், எதுலயும் விஷயம் இல்ல, ரிஜெக்ட், ரிஜெக்ட்னு சிவப்பு டப்பாவுல போடறேன். டப்பாவுக்கு அந்தப் பக்கம் அம்மா உக்காந்திருக்காங்க. நான் போடறதையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்து, கண்ணுல ஒத்தி, முட்டி மேல வச்சு நீவி விடறாங்க. "அம்மா, அது ஸ்கிராப்பு"ங்கறேன். "இருக்கட்டும்டா"ங்கறாங்க. முழிச்சுப் பாத்தா சாரல் விட்டிருந்தது, லேப்டாப்பு தானா அணைஞ்சு போயிருந்தது.

பழசைக் கிளற விரும்பல அண்ணே. எங்க பெரியவ முபீனா கல்யாணத்துக்கு நான் நேர்ல வந்து கூப்பிடாம பத்திரிகையைத் தபால்ல அனுப்பினது உங்களுக்குக் குறைதான். அந்த வாரம் எங்க பேக்டரியில கஸ்டமர் ஆடிட், லீவு கெடைக்கல. கெடைக்கலங்கறதுக்காக சாதாரணத் தபால்லயா அனுப்பினேன்? ரெஜிஸ்டர் தபால், அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையோட, எவ்ளோ பொறுப்பா அனுப்பினேன். "எந்தம்பி எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கான்"னு சந்தைத் தெரு பூரா சொன்னீங்களாம். வாங்கிக்கிட்டதா நீங்க போட்ட கையெழுத்து அந்த அட்டையில பத்திரமா எங்கிட்ட இருக்கு. யார் மேல தப்புன்னு நான் சொல்ல வரல. அட்டை இருக்கு, அவ்ளோதான் சொல்றேன்.

ஆகவே தாங்கள் தயவு செய்து அந்தத் தகரப்பெட்டியை நன்றாகப் பூட்டி, சாக்கில் தைத்து, ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வரும் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டால், நான் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வந்து எடுத்துக்கொள்கிறேன். தங்களுக்கு அலைச்சல் வேண்டாம், நேரில் வர வேண்டாம், போன் கூட வேண்டாம். சாவியை மட்டும் தனியாக ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பவும். வேலை முடிந்ததும் அதேபடி திருப்பி அனுப்பி வைப்பேன். அண்ணிக்கு என் ஸலாம். ஜீஷானுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் துஆ. தாங்கள் நீண்ட ஆயுளோடும், முழங்கால் வலி இல்லாமலும், என் மேல் கோபம் இருந்தாலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாத அளவுக்கு மட்டும் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
மு. கௌஸ் பாஷா

பி.கு.: இன்னைக்கு புதன்கிழமை, ஆறாம் தேதி. எழுத்து கோணலா இருந்தா பஸ் மேல குத்தம், இப்பத்தான் சூளகிரி தாண்டுது. இந்தக் கடிதத்தைக் காலையில அதியா புரோகிராம்ல போட்டா. அவ்ளோ எழுதியிருக்கேன், மொத்தமும் பச்சையும் மஞ்சளும். பெட்டியை அனுப்புங்கன்னு தெளிவா எழுதினதைக்கூட அது விஷயம்னு எடுத்துக்கல. மெஷின் கெட்டுப் போச்சுன்னு திட்டிட்டு தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, "ரெஜிஸ்டர்தானே சார், அக்னாலெட்ஜ்மென்ட் வேணுமா?"ன்னு கேட்டு அந்த அட்டையை நீட்டுச்சு. நூல்ல கட்டின பேனாவைக் கையில பிடிச்சுக்கிட்டு அட்டையைப் பாத்துக்கிட்டே நின்னேன். பின்னாடி வரிசையில சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அட்டையை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

பெட்டியைப் பூட்ட வேண்டாம், தைக்க வேண்டாம், பஸ்ல போட வேண்டாம். அதியா பக்கத்து சீட்ல தூங்கிக்கிட்டு வர்றா, வீட்ல அதுக்கு முன்னாடி சீட்ல. மடியில ஒரு தட்டு, அதுல சர்க்கரை, வெத்தலை, பூ, பூ சாந்தம்மா கட்டிக் குடுத்தது. முபீனா கல்யாணப் பத்திரிகை ஒண்ணு வீட்ல மிச்சம் இருந்தது, அதையும் தட்டுல வச்சிருக்கேன். அவளுக்கு ரெண்டு பிள்ளை ஆயிடுச்சு, மூத்தவன் இஸ்கூல் போறான், எல்லாம் தெரியும். இருந்தாலும் நேர்ல வந்து கூப்பிடறேன், நீங்களும் அண்ணியும் ஜீஷானும் குடும்பத்தோட அவசியம் வந்துடணும். இந்தக் கடிதத்தை நானேதான் உங்க கையில குடுப்பேன். வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து எதுவும் போட வேண்டாம்.